ஆற்காட்டு அரியணை – 11: வேலிக்கு வெளியே பாகூர்

1752 ஜூன். திருவரங்கத் தீவில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா ஆயுதத்தைக் கீழே வைத்தார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப் வெட்டுண்டு மாண்டார். அவர் தலை முகமது அலிக்கு அனுப்பி வைக்கப்பட்டது. சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தினோம்.

நாற்காலிக்குப் போட்டியிட்ட இருவரில் ஒருவர் செத்துவிட்டால் வாரிசுப் போர் முடிந்துவிட வேண்டும். இந்தப் போர் முடியவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. ஏன் நீண்டது என்ற கேள்விக்கு விடை ஆற்காட்டுக் கோட்டையில் இல்லை. அது வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட வயல்வெளியில் கிடக்கிறது.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்குக் கதை இவ்வளவுதான். 1740ல் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியரிடம் நவாப் தோஸ்த் அலி மாண்டார். அன்று ஆடத் தொடங்கிய ஆற்காட்டு நாற்காலி பிறகு நிலைகொள்ளவே இல்லை. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் அதைத் தனது என்றார். நிஜாம் நியமித்த அன்வருத்தீனும் அவருக்குப் பின் அவர் மகன் முகமது அலியும் தங்களுடையது என்றார்கள். 1748ல் நிஜாம் இறந்ததும் ஐதராபாத்திலும் மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் பகை மூண்டது. இரண்டு சண்டைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் அன்வருத்தீன் விழுந்தார். 1750 டிசம்பரில் நாசிர் ஜங் கூட இருந்தவர்களாலேயே கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் முசாபர் ஜங்கும் போய்ச் சேர்ந்தார். இப்போது சந்தா சாகிப். மூன்றே ஆண்டுகளில் நான்கு பெரிய தலைகள்.

மிஞ்சியவர்கள் மூவர். திருச்சியில் முகமது அலி. அவருக்குப் பின்னால் சென்னையில் ஆங்கிலக் கும்பெனி கவர்னர் தாமஸ் சாண்டர்ஸ். எதிரே புதுச்சேரியில், தன் நவாப்பை இழந்து நிற்கும் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே.

பரிசாக வந்த வயல்கள்

டூப்ளேயின் நிலையைப் புரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

ஆம்பூர் வெற்றிக்குப் பிறகு சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் புதுச்சேரிக்கு வந்தார்கள். சந்தா சாகிப் அந்த ஊருக்குக் கடன்பட்டவர். மராத்தியர் அவரைச் சிறைபிடித்துச் சாத்தாராவுக்குக் கொண்டுபோன காலத்தில் அவர் குடும்பம் இந்த ஊரில்தான் பாதுகாப்பாக இருந்தது. ஆம்பூரில் அவருக்கு வெற்றி தேடித் தந்ததும் பிரெஞ்சுப் பீரங்கிகள்தான். நன்றிக்கடனாக அவர் கொடுத்தது வில்லியனூர்ப் பகுதியும் பாகூர்ப் பகுதியும்.

அதுவரை புதுச்சேரி கடலோரத்து வணிக நகரம். மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் வில்லியனூர், தெற்கே தென்பெண்ணைக்கு வடகரையில் பாகூர். இந்த இரண்டும் சேர்ந்ததும் அதற்கு ஒரு நாடு கிடைத்தது. நெல் கிடைத்தது. வரி கிடைத்தது.

பாகூரின் மண் எப்பேர்ப்பட்டது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்த செப்பேடு, மூன்று ஊர்களின் வருவாயை வாகூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்விச்சாலைக்கு, எழுதி வைக்கிறது. ஏரிப் பாசனத்து ஊர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பள்ளியையே தாங்கி நின்றன. அதே மண் இப்போது சிப்பாய்களின் சம்பளத்தையும் வெடிமருந்தையும் தாங்க வேண்டியிருந்தது.

இதுதான் டூப்ளேயின் திட்டம். பாரிஸில் உள்ள கும்பெனி இயக்குநர்கள் லாபம் கேட்டார்களே தவிர போருக்குப் பணம் அனுப்ப விரும்பவில்லை. போர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. நவாப் ஊர்களைத் தருவார், ஊர்கள் வரி தரும், வரி படையைப் போஷிக்கும், படை நவாப்பைக் காக்கும்.

இந்தச் சுழற்சியில் ஓர் ஓட்டை இருந்தது. கொடுத்த நவாப் நாற்காலியில் இருக்கும்வரைதான் கொடுத்த ஊர் நிலைக்கும். முகமது அலியின் பார்வையில் சந்தா சாகிப் நவாப்பே இல்லை. அப்படியானால் அவர் கொடுத்த வில்லியனூரும் பாகூரும் யாருடையவை?

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் 1752ன் கோடை முடிந்தது.

விக்கிரவாண்டி தந்த தெம்பு

திருவரங்கத்தில் டூப்ளே இழந்தது ஒரு நவாப்பை மட்டுமல்ல. ஒரு முழுப் படையும் சிறைப்பட்டுப் போனது. வேறொருவராக இருந்தால் சமாதானத் தூது அனுப்பியிருப்பார்.

அந்த நேரம் பார்த்துப் பிரான்சிலிருந்து கப்பல்கள் ஆட்களோடு வந்து சேர்ந்தன. ஐதராபாத்தில் புதிய நிஜாம் சலாபத் ஜங் பக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இருந்தார். சலாபத் ஜங் பெயரில் வந்த ஆணைகளைக் காட்டி, கர்நாடகத்தின் மீது தனக்கே அதிகாரம் உண்டு என்று டூப்ளே அறிவித்தார். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபை நவாப் என்று முன்னிறுத்தினார். நவாப் இருந்த இடத்தில் ஒரு பெயரையும், படை இருந்த இடத்தில் புதிய ஆட்களையும் வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

எதிர்முகாமில் அப்போது ஒரு பிசகு நேர்ந்தது. செஞ்சிக் கோட்டையைப் பிடித்துவிட வேண்டும் என்று சென்னையில் சாண்டர்ஸ் துடித்தார். 1750ல் புஸ்ஸி ஒரே இரவில் கைப்பற்றிய கோட்டை அது. ஆங்கிலப் படையின் மூத்த தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் வேண்டாம் என்றார். மூன்று குன்றுகள் மேல் நிற்கும் கோட்டையைச் சிறு படையால் எதுவும் செய்ய முடியாது என்பது அவர் எண்ணம். சாண்டர்ஸ் கேட்கவில்லை. ஊருக்குப் புதியவரான மேஜர் கின்னீர் அனுப்பப்பட்டார்.

செஞ்சியின் மதில்களைப் பார்த்ததும் கின்னீருக்கே தன் படையின் அளவு தெரிந்துவிட்டது. திரும்பும் வழியில், புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படையோடு விக்கிரவாண்டியில் மோதித் தோற்றார். காயம்பட்டுத் திரும்பிய அவர் அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை.

வென்றவர் கெர்ழான். டூப்ளேயின் மருமகன் முறை. திருவரங்கத்துத் தோல்வியில் துவண்டிருந்த புதுச்சேரிக்கு விக்கிரவாண்டி தெம்பு தந்தது. அந்தத் தெம்பே அடுத்த மாதம் வினையாகப் போகிறது.

கடலில் பிடிபட்ட சுவிஸ்காரர்கள்

வெற்றிக் களிப்போடு கெர்ழான் தெற்கே நகர்ந்து, கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வடக்கே முகாமிட்டார். கோட்டையில் ஆள் குறைவு. சென்னையிலிருந்து உதவி வந்தாக வேண்டும்.

சாண்டர்ஸ் ஒரு சுவிஸ் கூலிப்படைக் கம்பெனியைக் கடல் வழியாக அனுப்பினார். அவர்களைப் பெரிய கப்பலில் ஏற்றாமல், நம் கடற்கரையில் ஓடும் மசூலாப் படகுகளில் ஏற்றினார். பலகைகளைக் கயிற்றால் தைத்த அந்தப் படகுகள் அலை தாண்டுவதற்கு ஏற்றவை. பீரங்கிக் கப்பல் எதிரே வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

படகுகள் புதுச்சேரிக்கு நேரே வந்தபோது டூப்ளே ஒரு கப்பலை அனுப்பினார். சுவிஸ்காரர்கள் அத்தனை பேரும் கைதிகளானார்கள்.

சென்னை கொதித்தது. ஐரோப்பாவில் இரு நாடுகளும் 1748லேயே சமாதானம் செய்துகொண்டவை. இங்கே நடப்பது நவாப்புகளின் சண்டை, நாங்கள் துணைக்கு நிற்கிறோம், அவ்வளவே என்று இரு கவர்னர்களும் சொல்லிவந்தார்கள். அந்த மறைப்பு கடல் நடுவே கிழிந்தது.

லாரன்ஸ் உடல்நலமில்லாமல் இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இன்னொரு சுவிஸ் கம்பெனியோடு கப்பலேறினார். இந்த முறை படகு இல்லை, கப்பல். ஆகஸ்டு பின்பாதியில் தேவனாம்பட்டினத்தில் இறங்கி மறுநாளே படையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அவரிடம் இருந்தது ஏறத்தாழ 400 ஐரோப்பியர், 1,700 சிப்பாய்கள், முகமது அலியின் ஆட்கள் சுமார் 4,000 பேர். கெர்ழானிடம் 400 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், 500 குதிரைகள். ஐரோப்பியப் படை இரு பக்கமும் சமம். வித்தியாசம் தலைமையில் இருந்தது.

லாரன்ஸ் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் கெர்ழான் முகாமைக் கலைத்தார். முதலில் பாகூருக்குப் பின்வாங்கினார். பிறகு அங்கும் நிற்காமல் வில்லியனூரையும் தாண்டிப் புதுச்சேரியின் எல்லை வேலியை ஒட்டிப் போய் அமர்ந்துகொண்டார்.

கள்ளிவேலியும் காகிதவேலியும்

புதுச்சேரியைச் சுற்றி அன்று ஒரு முள்வேலி இருந்தது. கற்றாழையும் கள்ளியும் முட்புதர்களும் நெருக்கி வளர்த்து, இடையிடையே தென்னையும் பனையும் நிற்க, மைல் கணக்கில் வளைந்து ஓடிய உயிர்வேலி. சாலைகள் அதைக் கடக்கும் இடங்களில் காவல் அரண்கள். குதிரைப்படையால் இதை எளிதில் கடக்க முடியாது.

லாரன்ஸைத் தடுத்தது முள் மட்டுமல்ல. சென்னையிலிருந்து அவருக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு வந்திருந்தது. பிரெஞ்சுக்காரரின் பழைய எல்லைக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அது நவாப்புக்குத் துணை நிற்பதாகாது. சமாதானத்தில் இருக்கும் பிரெஞ்சு மன்னரின் மண் மீது தொடுத்த போராகிவிடும்.

வேலிக்கு உள்ளே இருந்தது பழைய புதுச்சேரி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேலிக்கு வெளியே இருந்த வில்லியனூரும் பாகூரும் சந்தா சாகிப் கொடுத்தவை. அந்தக் கொடையை ஆங்கிலேயர் ஏற்கவில்லை. அவர்களுக்கு அது முகமது அலியின் நாடு. ஆகவே அங்கே சண்டை போடலாம்.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு குடியானவனுடைய ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் அவன் பயிர் தப்பும். இந்தப் பக்கம் இருந்தால் அதன் மேல் இரண்டு படைகளும் நடக்கும். இதைத் தீர்மானித்தது அவன் செயல் எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு பெரிய மனிதர்கள் எழுதிக்கொண்ட ஒரு கொடைப் பத்திரம். எந்த ஊர்கள் படைக்குப் பணமாக வந்தனவோ அவையே படைக்குக் களமாகவும் ஆயின.

வில்லியனூரில் இருந்த பிரெஞ்சு முன்காவலை லாரன்ஸ் விரட்டினார். அதற்கு மேல் அவரால் முன்னேற முடியவில்லை. கெர்ழான் வேலிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அவர் அப்படியே இருந்திருந்தால்? ஆவணி முடிந்து புரட்டாசி போய் ஐப்பசியில் மழை வந்திருக்கும். தென்பெண்ணையும் மலட்டாறும் பெருக்கெடுத்திருக்கும். லாரன்ஸ் பீரங்கிகளைச் சேற்றில் இழுத்துக்கொண்டு திரும்பியிருப்பார். ஒரு வெற்றியும் இல்லாமல் ஆங்கிலேயரின் பணம் கரைந்திருக்கும். டூப்ளேயிடம் அப்போது இருந்த மிகச் சிறந்த ஆயுதம் காலம்தான்.

அதை லாரன்ஸ் உணர்ந்திருந்தார். வேலிக்குள் போக முடியாது என்றால், வேலிக்குள் இருப்பவனை வெளியே வரவழைக்க வேண்டும்.

ஓடுவதுபோல் ஒரு நடை

ஒருநாள் ஆங்கிலப் படை முகாமைக் கலைத்துக்கொண்டு தெற்கே நடந்தது. அவசரமாகப் பாகூர் வரை போய் நின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு அது பின்வாங்கல்.

செய்தி புதுச்சேரிக்கு எட்டியது. கெர்ழான் வேலியை விட்டுக் கிளம்பினார். லாரன்ஸைத் தொடர்ந்து போய்ப் பாகூருக்கு இரண்டு மைல் தூரத்தில் கூடாரம் அடித்தார்.

அவரைக் கிளப்பியது யார்? இங்கே வரலாறு இரண்டாகப் பிரிகிறது. அந்தக் காலத்துப் போர்களை ஆங்கிலத்தில் எழுதிய ராபர்ட் ஓர்ம், டூப்ளேதான் மருமகனை நெருக்கினார் என்கிறார். பிரான்சுக்குக் கப்பல் கிளம்பும் பருவம் அது. திருவரங்கத்துத் தோல்விச் செய்தியைத் தனியே அனுப்பாமல், ஒரு வெற்றியையும் சேர்த்து அனுப்ப அவர் விரும்பினார் என்பது அந்தத் தரப்பு. டூப்ளேக்கு ஆதரவாக எழுதியவர்கள் இதை மறுக்கிறார்கள். பெரிய துணைப்படை வந்துகொண்டிருக்கும்போது எந்தத் தலைவனும் அவசரப்பட மாட்டான், இது கெர்ழான் தானாகச் செய்த துணிச்சல் என்கிறார்கள்.

இரண்டில் எது சரியாக இருந்தாலும் எனக்குத் தெளிவாகப் படுவது ஒன்று. டூப்ளேயின் ஏற்பாட்டில் காத்திருப்பதற்கு இடமே இல்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் எதிரிப் படை நின்றால் வரி வராது. வரி வராவிட்டால் சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிட்டால் படை இல்லை. போருக்குப் பணம் தரும் ஊரும் போர் நடக்கும் ஊரும் ஒன்றாக இருந்தால், தளபதி எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் கணக்குப்பிள்ளை அவனைச் சண்டைக்குத் தள்ளுவான். லாரன்ஸின் பின்னால் சென்னைத் துறைமுகமும் கடல் வாணிபமும் இருந்தன. அவரால் ஓடுவதுபோல் நடிக்க முடிந்தது. கெர்ழானால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

விக்கிரவாண்டி அவர் கண்ணை மறைத்திருக்கவும் கூடும். ஒருமுறை ஓடிய ஆங்கிலேயர் மறுமுறையும் ஓடுகிறார்கள் என்று நம்புவது மனித இயல்பு.

விடியலுக்கு முன்

பிரெஞ்சு நாட்காட்டியில் 1752 செப்டம்பர் 6. ஆங்கிலேயர் இன்னும் பழைய கணக்கில் இருந்ததால் அவர்களுக்கு அது ஆகஸ்டு 26. ஒரே வயலில் எதிரெதிராக நின்ற இரு படைகளுக்கும் இடையே பதினொரு நாள் தூரம். அடுத்த சில நாட்களிலேயே இங்கிலாந்து புதிய நாட்காட்டிக்கு மாறி, செப்டம்பர் 2ஐ அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று எண்ணப் போகிறது.

விடிகாலை மூன்று மணி. லாரன்ஸ் படையைக் கிளப்பினார்.

முன்வரிசையில் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் ஐரோப்பியப் படை. இரு ஓரங்களிலும் பீரங்கிகள். பாகூரிலிருந்து பிரெஞ்சு முகாம் வரை ஓர் உயரமான கரை ஓடியது. அதன் மறுபுறம் நவாப்பின் குதிரைப்படை வந்தது.

ஆவணி மாதத்து இருட்டு. ஏரிப் பாசனத்து ஊர்களில் இன்றும் சொர்ணவாரி அறுவடையும் சம்பா நாற்றங்காலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் பருவம். வரப்பும் வாய்க்காலும் தெரியாத இருளில் ஆயிரக்கணக்கான கால்கள் நடந்தன.

விடிவதற்குச் சற்று முன் பிரெஞ்சுக் காவலர் குரல் கொடுத்தார்கள். பதில் இல்லை. சுட்டார்கள். முன்வரிசைச் சிப்பாய்கள் திருப்பிச் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். கரைக்கு இந்தப்பக்கம் நிலம் முழுவதும் துப்பாக்கிப் பொறியும் புகையும்.

வெளிச்சம் பரவியபோதுதான் பிரெஞ்சுப் படை அணிவகுத்து நிற்பது தெரிந்தது. கெர்ழான் இடத்தை நன்றாகவே தேர்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் அந்த உயர்ந்த கரை. இடப்புறம் பெரிய குளம். இரு விலாவிலும் மண்ணும் நீருமே அரண். முன்னால் மட்டும்தான் வர முடியும்.

லாரன்ஸ் நின்றார். தன் வரிசையை எதிரியின் வரிசைக்குச் சமமாக நீட்டினார். குதிரைப்படைக்கு ஓர் உத்தரவு போனது: எதிரி உடையும்வரை அசையாதே, உடைந்ததும் பாய்.

பிறகு நடந்ததை அந்த நூற்றாண்டின் போர்களில் அடிக்கடி பார்க்க முடியாது. பொதுவாக ஒரு பக்கம் துப்பாக்கிச் சூட்டிலேயே கலைந்துவிடும். துப்பாக்கி முனையில் செருகிய பயனெட் ஈட்டிகள் ஒன்றோடொன்று உரசும் தூரம்வரை இரு வரிசைகளும் நெருங்குவது அபூர்வம். பாகூரில் நெருங்கின. யாரும் முதலில் திரும்பவில்லை. சில நிமிடங்கள் மனிதனும் மனிதனும் கைக்கெட்டும் தூரத்தில் குத்திக்கொண்டார்கள்.

ஆங்கிலேயரின் கிரெனேடியர் பிரிவு பிரெஞ்சு வரிசையின் நடுப்பகுதியைப் பிளந்தது. நடு உடைந்ததும் இரு ஓரங்களும் நிற்கவில்லை. துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

இப்போது குதிரைப்படை பாய வேண்டும். ஓடுகிற ஒருவனும் புதுச்சேரி போய்ச் சேரக் கூடாது.

குதிரைகள் பாய்ந்தன. ஆனால் ஓடுபவர்கள் பக்கம் போகவில்லை. காலியாகிப்போன பிரெஞ்சு முகாமுக்குள் புகுந்தன.

இதை ஒழுங்கீனம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. அந்தக் காலத்துக் குதிரைவீரனுக்குக் குதிரை சொந்தச் சொத்து. அது விழுந்தால் அவன் பிழைப்பே விழும். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். கூடாரத்தில் கிடைக்கும் பாத்திரமும் துணியும்தான் கையில் வரும் கூலி. முகமது அலியின் கஜானா வற்றியிருந்தது. அந்த வறட்சி பாகூர் வயலில் நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக்காரரின் உயிரைக் காப்பாற்றியது. பணமில்லாத படையைக் கொண்டு பாதி வெற்றிதான் வாங்க முடியும்.

கணக்கு

கெர்ழான் கைதி. அவரோடு 15 அதிகாரிகளும் சுமார் 100 பேரும் கைதிகள். எட்டுப் பீரங்கிகளும் வெடிமருந்தும் கூடாரங்களும் பறிபோயின. ஆங்கிலேயர் பக்கம் அதிகாரி ஒருவர் இறந்தார், நால்வர் காயம். படைவீரரில் 78 பேர் இறந்தோ காயம்பட்டோ விழுந்தனர்.

இந்த எண்கள் ஐரோப்பியரைப் பற்றியவை. இருட்டில் முன்னால் நடந்து முதல் குண்டுகளை வாங்கிய சிப்பாய்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான கணக்கை அந்த எழுத்துகள் தருவதில்லை. மிதிபட்ட நாற்றங்காலுக்கும் கணக்கு இல்லை. புதுச்சேரியின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாள்தோறும் எழுதிவந்த குறிப்புகள் இருப்பதால், அந்தக் காலத்துத் தமிழன் கண்ணுக்குத் துரைமாரின் அரசியல் எப்படித் தெரிந்தது என்று நாம் அறிகிறோம். பாகூர்க் குடியானவன் வீட்டில் அப்படி ஒரு நாட்குறிப்பு எழுதப்படவில்லை. இந்தப் போரின் செலவில் பெரும்பங்கைக் கட்டியவன் அவன்தான் என்பதை இந்தத் தொடரில் நாம் மறக்கக் கூடாது.

படைகள் போன பிறகும் அந்தக் கொடைப் பத்திரத்தின் வழக்கு ஓயவில்லை. 1763ல் பாரிஸ் ஒப்பந்தம், 1749 தொடக்கத்தில் பிரான்சிடம் இருந்தவற்றையே திருப்பித் தருவதாகச் சொன்னது. வில்லியனூரும் பாகூரும் அந்த ஆண்டின் நடுவில் வந்தவை. எனவே 1783ல் வெர்சாய் ஒப்பந்தம் எழுதும்போது இந்த இரண்டு ஊர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, புதுச்சேரியைச் சூழ்ந்த பகுதிகளாகப் பெற்றுத்தர ஆங்கில அரசு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று வில்லியனூர்க் கொம்யூனிலும் பாகூர்க் கொம்யூனிலும் போகும்போது தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறிமாறி வருகிறதே, அந்த ஒட்டுத்துணி வரைபடத்தின் முதல் தையல்களில் சில ஆம்பூர்ப் போருக்குப் பிறகு போடப்பட்டவை.

வழியில் நின்ற குதிரைகள்

பாகூரின் பலன் வயலில் முடியவில்லை. மேற்கே ஒரு சாலையில் அது தன் வேலையைக் காட்டியது.

மராத்தியத் தலைவர் முராரி ராவின் ஆட்கள் 3,000 குதிரைகளோடு பிரெஞ்சுக்காரரோடு சேர்வதற்காக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் இன்னிஸ் கான். வழியில் பாகூர்ச் செய்தி எட்டியது. குதிரைகள் நின்றன. பிறகு, நவாப் முகமது அலிக்கு உதவத்தான் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு எதிர்முகாமில் போய்ச் சேர்ந்தன.

அந்த 3,000 குதிரைகள் செப்டம்பர் 6க்கு முன் கெர்ழானிடம் வந்து சேர்ந்திருந்தால் பாகூர் வேறு மாதிரி முடிந்திருக்கும். கெர்ழான் வேலியருகே இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் வந்தும் இருக்கும்.

டூப்ளே எதிர்பார்த்துக் காத்திருந்தது குதிரைகளை மட்டுமல்ல. 'பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் லோரியான் துறைமுகத்திலிருந்து ஜூன் மாதமே கிளம்பியிருந்தது. அதில் நூற்றுக்கணக்கில் ஆட்கள். தலைமையேற்று வந்தவர் டி லா தூஷ். 1750ல் நாசிர் ஜங்கின் முகாமை இருட்டில் தாக்கி ஐதராபாத்தின் தலைவிதியையே மாற்றியவர். கெர்ழானைப் போன்ற இளைஞர்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த டூப்ளேக்கு இப்படிப்பட்ட ஒரு தளபதிதான் தேவை. தினமும் கடலைப் பார்த்திருப்பார்.

அந்தக் கப்பல் ஜூலை 26 அன்றே நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. தப்பியவர் மிகச் சிலர். பாகூரில் பீரங்கி முழங்கிய காலையில் புதுச்சேரியில் யாருக்கும் அது தெரியாது.

திருச்சி வாசலில் ஒருவர்

எனில் டூப்ளேயிடம் மிச்சம் என்ன இருக்கிறது? தளபதி இல்லை. நவாப் இல்லை. வில்லியனூர், பாகூர் வரியும் இல்லை. மழைக்காலம் நெருங்குகிறது.

ஒன்று இருக்கிறது. எதிரி செய்த ஒரு பிழை.

திருச்சி முற்றுகையின்போது உயிருக்குப் பயந்து கிடந்த முகமது அலி, உதவிக்கு வந்த மைசூர் ஆட்சிப் பொறுப்பாளர் நஞ்சராஜாவுக்கு ரகசியமாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். என்னைக் காப்பாற்றினால் திருச்சிக் கோட்டையே உங்களுக்கு. மைசூர்ப் படை வந்தது, மைசூர்ப் பணம் வாரியிறைக்கப்பட்டது, சந்தா சாகிப் ஒழிந்தார். இப்போது நஞ்சராஜா சாவியைக் கேட்கிறார். முகமது அலி தவணை சொல்கிறார். அங்கே காவலுக்கு இருக்கும் ஆங்கிலக் கேப்டன் டால்ட்டன் இரவும் பகலும் மதிலில் கண் வைத்திருக்கிறார். கூட்டாளியாக வந்தவர் மீதே பீரங்கி திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

சந்தா சாகிப் கொடுத்த வில்லியனூரும் பாகூரும் டூப்ளேயின் காலைக் கட்டின. முகமது அலி கொடுப்பதாகச் சொன்ன திருச்சி யார் காலைக் கட்டப் போகிறது? படையை இழந்த டூப்ளேயும், பணம் இருந்தும் ஏமாற்றப்பட்ட நஞ்சராஜாவும் ஒருவரையொருவர் கண்டுகொண்டால், பாகூரில் லாரன்ஸ் வென்றது எத்தனை மாதம் தாங்கும்?

(அடுத்த வாரம் தொடரும்)